ரொட்டி சாப்பிட முடியாத பிள்ளைகளின் தாய்மாருக்கு

அன்புள்ள அக்காமாரே, தங்கச்சிமாரே,

பிள்ளைக்குக் கோதுமை மா ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்ட பிறகு, விடியப்புறம் அடுப்படியில் நின்று யோசிக்கிற உங்களுக்குத்தான் இந்த மடல். பொகவந்தலாவையில் இருந்தாலும் கந்தப்பளையில் இருந்தாலும், மேட்டு லயமானாலும் பணிய லயமானாலும், உங்கள் கேள்வி ஒன்றுதான். ரொட்டியை எடுத்துவிட்டால் தோட்டத்துப் பிள்ளைக்கு என்னத்தைக் கொடுப்பது?

என் தங்கச்சி மகளுக்கு இந்த நோய் இருக்கிறது. சீலியாக் என்பது பெயர். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் வயிற்றுக்குள் போனதும் உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் சிறுகுடலையே தாக்கத் தொடங்கும். குடலின் உட்சுவரில் சத்தை உறிஞ்சும் மெல்லிய முளைகள் மழுங்கிப்போகும். பிறகு எவ்வளவு தின்றாலும் உடம்பில் ஒட்டாது. வயிறு உப்பும், பேதியாகும், இரத்தம் குறையும், பிள்ளை வளராது. இதற்கு மருந்து மாத்திரை கிடையாது. அந்தப் புரதத்தை ஆயுள் முழுக்க விலக்குவதுதான் மருந்து.

சோறு கறியில் அவளுக்குப் பெரிய குறை இல்லை. பள்ளிக்கூடத்தில் யாராவது பிறந்தநாள் கொண்டாடும்போதுதான் பாடு. பேப்பர் பெட்டியைத் திறந்தால் கேக் துண்டு, ரோல்ஸ், பெட்டிஸ், பிஸ்கட், எல்லாம் கோதுமை. மற்றப் பிள்ளைகள் சாப்பிட, இவள் பெட்டியை மூடி வீட்டுக்குக் கொண்டுவருவாள். மொறுமொறுவென்று, உள்ளே மீன் வைத்து, மற்றவர்கள் தின்பதைப் போலவே ஒன்று வேண்டும் என்று அவள் கேட்டாள். அதைத் தேடித்தான் சுப்பர் மார்க்கெட்டுகளின் ஐஸ் பெட்டிகளைக் கிண்டத் தொடங்கினேன். கண்டதையும் சமைத்ததையும் உங்களுக்குச் சொல்கிறேன். ஒவ்வொரு வீடும் தனித்தனியாக இதைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

நுவரெலியா, ஹட்டன் போன்ற நகரங்களின் சுப்பர் மார்க்கெட்டுகளில் ஐஸ் பெட்டியைத் திறந்தால் கடல் உணவில் இரண்டு விதம் இருக்கும். ஒன்று, எதுவும் பூசாத மீன் துண்டு, இறால், கணவாய். மற்றது, பொரித்தால் போதும் என்று தயாராக வரும் மீன் விரல், மீன் கட்லட், மீன் உருண்டை, மாவில் தோய்த்த இறால், கணவாய் வளையம், நண்டுக் குச்சி. முதல் வகையில் பாக்கெட்டின் பின்னால் மீன், தண்ணீர், உப்பு என்று மட்டும் எழுதியிருந்தால் பயமில்லை. மீனிலும் இறாலிலும் கணவாயிலும் இயற்கையாகவே குளூட்டன் கிடையாது.

இரண்டாவது வகையில்தான் சிக்கல். மேலே மொறுமொறுப்பாக இருப்பது பாண் தூள். அது ஒட்டுவதற்காக அதற்கடியில் கோதுமை மாக் கரைசல். மீன் உருண்டை உடையாமல் இருக்கவும் மா சேர்ப்பார்கள். நண்டுக் குச்சியைப் பார்த்து ஏமாறாதீர்கள். பெரும்பாலும் அதில் நண்டே இருக்காது. வெள்ளை மீன் சதையைக் கழுவி அரைத்து, மாச்சத்தும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து, சிவப்புச் சாயம் பூசி அச்சில் வார்த்தது அது. அந்த மாச்சத்து கோதுமையிலிருந்து எடுத்ததாக இருக்கலாம். வெளியே பாண் தூள் இல்லையே என்று நினைத்து அதைக் கொடுத்துவிட வேண்டாம்.

பாக்கெட்டின் பின்பக்கம் பெரும்பாலும் இங்கிலீஷில், எறும்பு எழுத்தில் இருக்கும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் வாசிக்கச் சொல்லுங்கள். வீட், பார்லி, ரை, மோல்ட், செமோலினா ஆகிய ஐந்தில் ஒன்று கண்ணில் பட்டாலும் பாக்கெட்டைத் திரும்ப வையுங்கள். வீட் கோதுமை. மோல்ட் பெரும்பாலும் முளைகட்டிய பார்லி. செமோலினா நம்முடைய ரவை. சோயா சோஸ் என்று இருந்தாலும் சந்தேகப்படுங்கள், வழக்கமான சோயா சோஸ் கோதுமை சேர்த்துத்தான் புளிக்க வைக்கப்படுகிறது. தோட்டங்கள் சூழ்ந்த ஊர்களில் விற்கும் பாக்கெட்டில் கோதுமை உண்டா இல்லையா என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் பெரிய எழுத்தில் போடக் கம்பெனிகளுக்கு என்ன கஷ்டம்? கடை மனேஜரிடம் இதை ஒவ்வொரு முறையும் கேளுங்கள். வாங்குகிறவர் கேட்கக் கேட்கத்தான் அவர்களுக்கு உறைக்கும்.

குளூட்டன் ஃப்ரீ என்று அச்சடித்த மீன் விரல் நம் ஊர்ப் பெட்டிகளில் என் கண்ணுக்குப் படவில்லை. கொழும்பில் இருக்கும் உறவுக்காரர் ஒருவர் பெரிய சுப்பர் மார்க்கெட்டில் வெளிநாட்டுப் பாக்கெட் ஒன்றை வாங்கி வந்தார். வெள்ளை மீன், மேலே அரிசி மாவும் சோளத் தூளும். சட்டியில் தேங்காய் எண்ணெயைக் காயவைத்து, ஐஸ் கரையவிடாமல் அப்படியே போட்டேன். நன்றாகவே பொரிந்தது. பாண் தூளைவிட அதிகமாக மொறுமொறுத்தது, நிறம் மட்டும் கொஞ்சம் வெளிறியிருந்தது. உள்ளே மீன் மெத்தென்று வெந்திருந்தாலும் உப்பு உறைப்பு எதுவும் தெரியவில்லை. மிளகுத்தூள் தூவி, தேசிக்காய் பிழிந்து, கட்டைச் சம்பலைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டோம். பிள்ளைக்கு அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம். தன் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து அண்ணனுக்கு நீட்டினாள். கொடுக்கிற இடத்தில் தானும் இருக்க வேண்டும் என்று எவ்வளவு நாளாக ஏங்கினாளோ!

அதனால் அந்தப் பாக்கெட்டை நான் குறை சொல்ல மாட்டேன். நல்ல சாமான்தான். ஆனால் அதன் விலை ஒரு முழுப் பேரை, அதாவது ஒரு நாள் சம்பளத்தை, தாண்டுகிறது. 1,000 ரூபாய் நாட்சம்பளத்துக்காக நம் ஆட்கள் எத்தனை வருடம் ரோட்டில் இறங்கினார்கள், 2021இல்தான் அது கைக்கு வந்தது. 2024 செப்டம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாயானது. நாள் முழுக்கக் கொழுந்தெடுத்த காசை ஒரு நேரத்துப் பலகாரத்துக்குக் கொடு என்று யாரிடமும் சொல்ல எனக்கு மனம் வராது. வெளிநாட்டிலிருந்து யாராவது அனுப்பினால், பிறந்தநாளுக்கு ஒரு தரம் வாங்க முடிந்தால், வாங்கிக் கொடுங்கள். முடியாவிட்டால் பிள்ளைக்கு எதையோ மறுத்துவிட்டோம் என்று மனதைப் போட்டு வருத்திக்கொள்ள வேண்டாம். அதைவிட ருசியானதை நம் அடுப்பிலேயே செய்யலாம்.

அதற்கு முன் ஐஸ் சாமான்கள் எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரு விஷயம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே இருக்கிற குளிருக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்து, உறைந்த மீனைப் பையில் போட்டுக்கொண்டு டவுனில் மற்ற வேலைகளை முடித்து, பஸ்ஸுக்கு நின்று, ஓட்டோ பிடித்து வீடு போய்ச் சேர்கிறோம். நம் குளிர் எவ்வளவு இருந்தாலும் சாமான் இருக்க வேண்டிய குளிர் பூச்சியத்துக்குக் கீழே 18 பாகை. கடைசியாக அதை வாங்கி, பழைய பேப்பரில் கனமாகச் சுற்றி, நேரே வீட்டுக்குப் போங்கள். வழியில் கரைந்துவிட்டால் அன்றைக்கே சமைத்துவிடுங்கள், மறுபடி உறைய வைக்காதீர்கள். சூரை, கெலவல்லா, கானாங்கெளுத்தி போன்ற மீன்கள் சூட்டில் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் என்ற நஞ்சு சேரும். சேர்ந்துவிட்டால் எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது. முகம் சிவந்து, தடித்து, தலை இடிக்கும். கோதுமைதான் மறுபடி வேலை காட்டுகிறது என்று நாம் வீணாகப் பதறுவோம்.

2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை கரண்ட் போனது நினைவிருக்கும். அந்த மாதிரிக் காலத்தில் பிரிட்ஜ் உள்ள வீட்டிலும் ஐஸ் பெட்டியை நம்ப முடியாது. லயத்தில் பிரிட்ஜ் இல்லாத வீடுகள் எத்தனையோ. அதனால் நான் சொல்லப்போகும் கட்லட் பிரிட்ஜ் இல்லாமலும் செய்யக்கூடியது.

நம் ஊரில் விளையும் உருளைக்கிழங்குதான் அதற்கு ஆதாரம். நல்ல மாக்கிழங்காகப் பார்த்து எடுத்துத் தோலோடு அவியுங்கள். இந்த உயரத்தில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடுவதால் கிழங்கு வேகக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், அவசரப்படாதீர்கள். அரைவேக்காட்டில் மசித்தால் கட்லட் எண்ணெயில் உடைந்துவிடும். வெந்த கிழங்கை உரித்து, ஆவி போக ஆறவிட்டு மசியுங்கள். ஈரம் நிற்கக் கூடாது.

மீனுக்கு டின் மீனே போதும். உப்புத் தண்ணீரில் போட்டதை வாங்குங்கள். தக்காளிச் சோஸில் போட்டதில் சோஸ் தடிக்க மா சேர்த்திருக்கலாம், எழுத்தைப் பார்க்காமல் தொட வேண்டாம். தண்ணீரை வடித்து, முள்ளைக் கையால் நொறுக்கி அதோடு சேர்த்துவிடுங்கள். டின்னில் வெந்த முள் மெதுவாக இருக்கும், அதில் சுண்ணாம்புச் சத்து உண்டு. இந்த நோய் உள்ள பிள்ளைகளுக்கு எலும்பு பலமில்லாமல் போகும் ஆபத்து இருப்பதால் அந்த முள்ளை எறிந்துவிடாதீர்கள். பேலியகொடைச் சந்தையிலிருந்தோ திருகோணமலையிலிருந்தோ லொறியில் வரும் மீன் நல்லதாகக் கிடைத்தால் அதை உப்பு மஞ்சள் போட்டு அவித்து உதிர்த்துக்கொள்ளலாம். நெத்தலிக் கருவாட்டையும் சுடுதண்ணீரில் கழுவி, வறுத்து, உரலில் ஒன்றிரண்டாக இடித்துப் போடலாம். என்னைக் கேட்டால் நெத்தலி போட்டதுதான் மூன்றிலும் ருசி.

சின்ன வெங்காயம், பச்சைக் கொச்சிக்காய், கறிவேப்பிலை மூன்றையும் பொடியாக அரிந்து கொஞ்சம் எண்ணெயில் வதக்கி, மீனைப் போட்டு ஈரம் வற்றும் வரை பிரட்டுங்கள். மிளகுத்தூளும் உப்பும் போட்டு இறக்கி, தேசிக்காய் பிழிந்து கிழங்கோடு பிசையுங்கள். கோதுமை மாக் கரைசலுக்குப் பதிலாக அரிசி மாவை உப்புப் போட்டுத் தோசை மாப் பதத்துக்குக் கரைத்துக்கொள்ளுங்கள். முட்டை இருந்தால் ஒன்று அடித்து ஊற்றினால் இன்னும் நன்றாகப் பிடிக்கும். பாண் தூளுக்குப் பதில் அவல். வெறுஞ்சட்டியில் மொறுமொறுவென்று வறுத்து, கையால் நொறுக்கி, கொரகொரப்பாக இருக்கும்போதே நிறுத்துங்கள். நைசாகப் பொடித்தால் மொறுமொறுப்பு வராது. கோர்ன் ஃப்ளேக்ஸை நொறுக்கலாமே என்று சிலர் சொல்வார்கள், அநேகமான கோர்ன் ஃப்ளேக்ஸில் பார்லி மோல்ட் இருக்கிறது, வேண்டாம்.

உருட்டி, கரைசலில் தோய்த்து, அவலில் பிரட்டி, நன்றாகக் காய்ந்த எண்ணெயில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். அதிகம் கிளறக் கூடாது, ஒரு பக்கம் சிவந்த பிறகு திருப்புங்கள். பிரிட்ஜ் உள்ளவர்கள் பொரிக்காத கட்லட்டைத் தட்டில் ஒன்றோடொன்று முட்டாமல் அடுக்கி உறைய வைத்து, கல் மாதிரி ஆன பிறகு பையில் போட்டுக் கட்டிவைக்கலாம். சுப்பர் மார்க்கெட் ஐஸ் பாக்கெட்டுக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது, உறைப்பைத் தவிர. செய்கிற நாளில் வீட்டில் எல்லாருக்கும் சேர்த்து இதையே செய்யுங்கள். பிள்ளைக்கு மட்டும் தனியாக நாலு செய்து மூலையில் மூடி வைத்தால் அவள் அதையும் ஒரு மருந்தாகத்தான் பார்ப்பாள்.

எல்லாம் சரியாகச் செய்துவிட்டு எண்ணெயில் கோட்டை விடுகிறவர்கள் உண்டு. காலையில் ரோல்ஸ் பொரித்த எண்ணெயில் மாலையில் இந்தக் கட்லட்டைப் பொரித்தால் பட்ட பாடு வீண். பல நாடுகள் ஏற்றுக்கொண்ட அளவுப்படி, ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தால் அதைக் குளூட்டன் ஃப்ரீ என்று விற்கக் கூடாது. கோதுமை மாவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குளூட்டன். அப்படியானால் விரல் நுனியில் அள்ளும் ஒரு கிராம் மாவிலேயே கிட்டத்தட்ட 100 மில்லிகிராம் இருக்கிறது, அந்த எல்லையின்படி ஐந்து கிலோ உணவுக்கான அளவு. ரொட்டி சுடும் கல், ரொட்டி மாப் பிசையும் தட்டு, மாச் சல்லடை ஆகியவற்றைப் பிள்ளையின் சாப்பாட்டுக்குத் தொடக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். ஒரு சின்னச் சட்டியும் ஒரு கரண்டியும் தனியாக ஒதுக்கினால் போதும். மாமியார் இதெல்லாம் ஆச்சாரமா என்று கேட்டால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

வெளியே சாப்பிடும்போது கடை வடை பருப்பு வடையாகவே இருந்தாலும் அது பெட்டிஸ் பொரித்த எண்ணெயில் மிதந்ததா என்று கேளுங்கள். நம் நாட்டுத் தோசையில் உளுந்தோடு கோதுமை மாவையும் கலப்பது வழக்கம். இடியாப்பத்திலும் சில கடைகளில் கலக்கிறார்கள். கட்டிப் பெருங்காயம், தூள் பெருங்காயம் இரண்டிலும் கோதுமை மாச் சேர்ப்பது உண்டு. சேமியாவும் கோதுமைதான். பிள்ளை தேறட்டும் என்று வாங்கிக் கொடுக்கிறோமே, ஹோர்லிக்ஸ், நெஸ்டோமோல்ட், அவற்றில் பார்லி மோல்ட் இருக்கிறது. மெலிந்த பிள்ளைக்குச் சத்து என்று அதையே காலை மாலை கரைத்துக் கொடுத்தால் மெலிவு இன்னும் கூடும். கோயில் திருவிழாவில் சுண்டலும் பொங்கலும் கொடுக்கலாம், ரவைக் கேசரி கொடுக்கக் கூடாது. வேதக்கார வீடுகளுக்கு ஒரு வார்த்தை: நற்கருணை அப்பமும் கோதுமைதான். குளூட்டனை முழுவதும் நீக்கிய அப்பம் செல்லாது, குறைந்த குளூட்டன் உள்ளது செல்லும் என்று வத்திக்கான் 2017இல் எழுதிய கடிதம் சொல்கிறது. அதுவும் ஆகாத பிள்ளைக்கு இரசத்தை மட்டும் கொடுக்கவும் வழி இருக்கிறது. கூச்சப்படாமல் பாதரிடம் பேசுங்கள்.

இவ்வளவு சொல்லும்போது கோதுமை மாவைக் கெட்ட சாமானாக நான் பேசுவதாக நினைத்துவிடாதீர்கள். அந்த மா நம் சனங்களைக் காப்பாற்றியது. நம் பூட்டன் பூட்டி திருச்சி, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கங்களிலிருந்து வந்தபோது சோறு தின்கிற சனங்களாகத்தான் வந்தார்கள். தோட்டத்தில் அரிசி அளந்து கொடுத்தார்கள். 1942இல் பர்மா ஜப்பான்காரன் கைக்குப் போய் அரிசி வரத்து நின்ற பிறகு கூப்பன் கடையில் கோதுமை மா வந்தது. 1973, 74 பஞ்சத்தில் தோட்டங்களில் பட்டினியால் செத்தவர்களை மூத்தவர்கள் இன்னும் பெயர் சொல்லி நினைப்பார்கள். 1980இல் திருகோணமலையில் பிரீமா ஆலை ஓடத் தொடங்கியது. விடிய எழும்பி மலைக்கு ஓடுகிற பெண்ணுக்குத் தட்டிச் சுட்டுக் கையில் கொண்டுபோக ரொட்டியைப் போல வேறு ஒன்று வாய்க்கவில்லை. அப்படித்தான் நாம் ரொட்டிச் சனங்களானோம்.

இந்தச் சரித்திரத்தை நான் இழுப்பதற்குக் காரணம் இருக்கிறது. இந்தியாவில் பெரியவர்களைச் சோதித்து 2016இல் வெளியான ஓர் ஆய்வில், வடக்கே நூற்றுக்கு 1.2 பேர் அளவில் சீலியாக் இருந்தது, தெற்கே ஆயிரத்துக்கு ஒருவர்தான். இந்த நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணு இரண்டு பக்கத்திலும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தது. சாப்பாட்டில்தான் பெரிய வேறுபாடு. வடக்கே ஆள் ஒன்றுக்கு நாளைக்கு 400 கிராமுக்கு மேல் கோதுமை, தெற்கே 25 கிராம். இப்போது நம்மைப் பாருங்கள். தெற்கத்தி உடம்பு, வடக்கத்தித் தட்டு. இந்த நோய் வெள்ளைக்காரருக்கும் வடநாட்டாருக்கும் வருவது, தமிழ்ப் பிள்ளைக்கு எங்கே வரப்போகிறது என்று யாராவது சொன்னால் அதை ஏற்க வேண்டாம். காலையும் மாலையும் ரொட்டி தின்னும் பிள்ளைகள் இருக்கிற ஊரில் டாக்டர்மார் இதைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

தேடாமல் விட்டுப்போவதற்கு நம் பக்கத்தில் ஒரு தனிக் காரணம் உண்டு. 2016ஆம் ஆண்டு நாடளாவிய கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுக்க நூற்றுக்கு 17 பேர், தோட்டத்துறையில் 32 பேர். குட்டையாக, மெலிந்து, வெளிறி இருப்பது நம் பிள்ளைகளுக்கு வழமை என்று எல்லாரும் பழகிவிட்டார்கள். பூச்சி மருந்து கொடுப்பார்கள், இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பார்கள், திரிபோஷாச் சத்துமா கொடுப்பார்கள். அநேகமான பிள்ளைகளுக்கு அதுதான் சரியான வைத்தியமும். வறுமையால் வருகிற மெலிவை வறுமையைத் தீர்த்துத்தான் போக்க வேண்டும், அதற்குக் கோதுமையைக் குற்றம் சொல்லக் கூடாது. ஆனால் மாத்திரை கொடுத்தும் இரத்தம் ஏறாத பிள்ளை, பூச்சி மருந்துக்குப் பிறகும் பேதி நிற்காத பிள்ளை, தின்னத் தின்ன வயிறு மட்டும் முன்தள்ளும் பிள்ளை இருந்தால், இது சீலியாக்காக இருக்குமா என்று நீங்களாகவே வாயைத் திறந்து கேளுங்கள். டிக்கோயாவிலோ நுவரெலியாவிலோ ஆஸ்பத்திரியில் காட்டி, தேவையானால் பேராதனைச் சிறுவர் மருத்துவமனைக்குக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்த நோய்க்குக் கோதுமைதான் காரணம் என்று தெரிய வந்த கதையையும் சொல்கிறேன். நெதர்லாந்தில் வில்லெம் டிக்கே என்ற குழந்தை மருத்துவர் இருந்தார். 1944ஆம் ஆண்டின் கடைசியில் யுத்தப் பஞ்சம் வந்து அந்த நாட்டில் பாண் கிடைக்காமல் போனது. ஊரெல்லாம் பட்டினி கிடந்த அந்தக் குளிர்காலத்தில் இந்த நோயுள்ள பிள்ளைகள் மட்டும் தேறினார்கள். யுத்தம் முடிந்து பாண் திரும்பி வந்ததும் பிள்ளைகள் திரும்பவும் சரிந்தார்கள். தனக்கு முன்பிருந்த சந்தேகத்தை அவர் இதோடு சேர்த்து ஆராய்ந்து 1950இல் எழுதி வைத்தார். பாண் இல்லாத நேரத்தில் அந்தப் பிள்ளைகள் உடம்பு தேறியதை நினைத்துக்கொள்ளுங்கள். ரொட்டி இல்லாவிட்டால் பிள்ளைக்குப் பலம் எங்கேயிருந்து வரும் என்று கேட்கிற பாட்டிமாருக்கு அதையே சொல்லலாம். என் தங்கச்சி மகளும் அப்படித்தான் தேறினாள். அரிசி மாப் பிட்டு, குரக்கன் கஞ்சி, அவித்த மரவள்ளி, சோளம், சோறு. குரக்கன் மாவைக் கடையில் பொதியாக வாங்கினால் கலப்படம் இருக்கலாம், தானியமாக வாங்கிக் கழுவிக் காயவைத்து வீட்டிலேயே இடிப்பது நல்லது.

பிள்ளைக் காம்பராவில் வேலை செய்யும் அக்காமாரையும் பள்ளிக்கூட டீச்சர்மாரையும் ஒரு தரம் நேரே பார்த்துப் பேசுங்கள். ஒரு துண்டு பிஸ்கட்தானே என்று பாசத்தில் கொடுத்துவிடுவார்கள். கெட்ட எண்ணம் கிடையாது, விஷயம் தெரியாது. பிறந்தநாள் வைக்கிற வீட்டுக்கு முதல் நாளே சொல்லி, இந்தக் கட்லட்டில் கொஞ்சம் கூடவே செய்து பெட்டிகளுக்குள் வைக்கக் கொடுத்துவிடுங்கள். மற்றப் பிள்ளைகளும் கேட்டு வாங்கித் தின்பார்கள்.

கடைசியாக ஒன்று. ஒரு பிள்ளைக்கு இது இருந்தால் அதே வீட்டில் தாய், தகப்பன், கூடப்பிறந்தவர்களுக்கும் இருக்கப் பத்தில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. வெளியே எந்த அறிகுறியும் தெரியாமலும் இருக்கும். முதலில் ஒரு இரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் குழாய் விட்டுக் குடலில் சின்னத் துண்டு எடுத்துப் பார்ப்பார்கள். கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும் உடம்பில்தான் இந்தச் சோதனைகள் உண்மையைச் சொல்லும், முன்கூட்டியே நிறுத்திவிட்டுப் போனால் நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரும். அதனால் மற்றப் பிள்ளைகளையும் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். முடிவு கைக்கு வரும் வரை அவர்களுக்கு வழக்கம்போல ரொட்டி கொடுத்துக்கொண்டே இருங்கள்.

அன்புடன்,
நுவரெலியாவிலிருந்து
உங்களில் ஒருத்தி